பின் ஸீட்டில் ஒன்றரை வருஷம்

போன வாரம் என் மகள் புதிதாக மின்சாரக் கார் வாங்கி வந்தாள். ஏறி உட்கார்ந்தேன். சத்தமும் இல்லை, மணமும் இல்லை. கிளம்பிவிட்டதா என்று நான் கேட்டபோது கார் சயானைத் தாண்டியிருந்தது. எனக்குக் கார் என்றால் பெட்ரோலும் வெயிலில் காய்ந்த ரெக்ஸினும் கலந்த நெடி. தலைவலி கொண்டுவரும் நெடிதான். அதற்குப் போய் ஏங்குவேன் என்று யார் கண்டது?

அறுபதுகளில் பம்பாயில், டிராம்பேயில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். வீடு மாதுங்காவில். பக்கத்துக் கட்டிடத்துச் சிவராமன் சாருக்கும் அங்கேதான் வேலை. ஸ்டோர்ஸில் ஞானமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், தாராவியில் அம்மாவோடு இருந்தார். அவரிடம் பழைய இங்கிலீஷ் கார் ஒன்று இருந்தது. அதைச் செய்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். சிவராமன் சார் கூட வருகிறார் என்பதால்தான் அப்பா என்னையும் அதில் ஆபீஸ் போகவிட்டார்.

சிவராமன் சார் புதுக் காருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார். அது வரும்வரை அடுத்தவர் காரைக் குறை சொல்வதாக முடிவு செய்திருந்தார் போலும்.

"கம்பெனியே பூட்டியாச்சு ஓய்! நாளைக்கு கியர் பாக்ஸ் போச்சுன்னா யாராத்து வாசல்ல போய் நிப்பீர்? அம்பாஸிடர்னா எந்த ஊர்லயும் ரிப்பேர் பண்ணுவான்."

"சோர் பஜார்ல பழைய பார்ட்டு தேடுனா கெடைக்கும் சார். இல்லைன்னா லேத்துல கடைஞ்சு மாட்டிருதேன். மொதல்ல உங்க வண்டி ரோட்டுக்கு வரட்டும்."

ஒருநாள் நானும் வாய் திறந்து, நீல நிறக் கார்தான் நல்லது என்றேன். செம்பூர் வரும்வரை இருவரும் பேசவில்லை. அதன் பிறகு கார்புரேட்டர் என்றால் என்ன, கிளட்ச் எதற்கு என்று ஞானமுத்துவிடம் கேட்டுக்கொண்டே வந்தேன். என் அக்கறை கார்புரேட்டரில் இல்லை என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

ஒரு சனிக்கிழமை சிவராமன் சார் லீவு. அரை நாள் ஆபீஸ் முடிந்து நானும் ஞானமுத்துவும் மட்டும் திரும்பினோம். பழக்கத்தில் பின் ஸீட்டிலேயே உட்கார்ந்தேன். உப்பளங்களுக்குப் பக்கத்தில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. தண்ணீர் ஊற்றிவிட்டு, கையைத் துடைத்தபடி, உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உங்களுக்குச் சம்மதம்னா உங்க அப்பாகிட்ட வந்து பேசுதேன். இல்லைன்னா இதை நான் கேக்கவே இல்லைன்னு நெனைச்சுக்கிடுங்க."

"எனக்குச் சம்மதம்தான். முதல்ல நானே அப்பாகிட்ட சொல்லிப் பாக்கறேன்" என்றேன். அவர் சிரித்தார். மாதுங்கா வரும்வரை பின் ஸீட்டிலிருந்து அவர் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே சொன்னேன். அப்பா கத்தவில்லை. பேப்பரை மடித்து வைத்தார். "நாளன்னிலேர்ந்து பஸ்ல போ" என்றார். உள்ளே அம்மா அழும் சத்தம் கேட்டது. இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயம் என்று இவ்வளவு காலமும் சொல்லி வருகிறேன்.

திங்கட்கிழமை ஸ்டோர்ஸ் வாசலில் அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். "மழை வருது. பஸ் ஸ்டாப்புல கூரை கெடையாது, குடை கொண்டாங்க" என்றார். அடுத்த வருஷம் காரைக் குர்லாவில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன்.

அந்த உப்பளங்கள் இருந்த இடத்தில் இன்று கட்டிடங்கள். எங்கே வண்டி நின்றது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. சிவராமன் சாருக்கு ஞானமுத்து கடிதம் போட்டுக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் சிவராமன் சாரை அடிக்கடி மார்க்கெட்டில் பார்த்து, வெயிலைப் பற்றியும் காய்கறியைப் பற்றியும் பேசினேன். ஞானமுத்து எப்படி இருக்கிறார் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வந்தபோது, கேட்பதற்குச் சிவராமன் சார் இல்லை.