சுன்னத்தை நம்பி உறையை விட்டேன்

என் பெயரைப் போட வேண்டாம். நான் ஆண்களை விரும்புகிற ஆண், முஸ்லிம். கல்பாக்கத்தில் வேலை. பாஸ்கரும் நானும் ஒரே ஸ்டாஃப் பஸ்ஸில் போய்வருகிறோம். மூன்று வருட உறவு. ஞாயிற்றுக்கிழமையானால் மாமல்லபுரத்தில் இருக்கும் ஒரு சிற்பியைப் பார்க்கப் போய்விடுவான். அதை மறைக்கவும் மாட்டான். திங்கட்கிழமை பஸ்ஸில் அவன் பையில் ஒட்டியிருக்கும் கல்தூளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

போன வருடம், சுன்னத் செய்தவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து குறைவு என்று பேப்பரில் படித்தேன். எனக்கு ஏழு வயதிலேயே செய்துவிட்டார்கள். சிற்பிக்கு அது கிடையாது. அவனை முந்த ஒரு வழி கிடைத்துவிட்டது.

"அவன்கிட்ட உறை போட்டுக்க. என்கிட்ட இன்னாத்துக்கு? எனக்குத்தான் சுன்னத் பண்ணிக்கீதே," என்றேன். பாஸ்கர் தயங்கித்தான் ஒப்புக்கொண்டான். ஒரு மாதம் ஜெயித்தவன்போல் திரிந்தேன்.

பிறகு பாஸ்கருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. பயந்துபோய் இருவரும் செங்கல்பட்டில் ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். அங்கிருந்த ஆலோசகர் அம்மாவிடம் பேப்பர் செய்தியைச் சொன்னேன்.

"அது ஆம்பள, பொம்பள உறவுல பாத்தது சார். அதுலயும் உறை வேணும். ஆம்பளைங்க உறவுல வாங்கிக்கிறவருக்கு சுன்னத் உதவவே உதவாது," என்றார்.

எங்களில் வாங்கிக்கொள்பவன் நான்தான்.

இருவருக்கும் தொற்று இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் இல்லை. காய்ச்சல் மலேரியாவாம்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொள்கிறோம். கல்தூளைப் பார்த்தால் வயிறு இன்னும் எரிகிறது. ஆனால் உறையை முதலில் எடுத்து நீட்டுவது நான்தான்.