நிலம் விற்றவர்களைப் பற்றிய பத்தி

அடுத்தவர் எழுதிய புரோகிராமைத் திருத்துவது எச்சில் இலை எடுப்பதைப் போன்றது. இதைச் சொன்னால் என்னோடு வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்வதில்லை. படிப்பை முடித்துவிட்டு மயிலாடுதுறையில் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் தரப்பட்டது அப்படி ஓர் இலைதான். சாப்பிட்டவர் எழுந்து அமெரிக்காவுக்குப் போயிருந்தார்.

அது வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதி. மேட்டூர் எப்போது திறக்கும், குறுவை போடலாமா வேண்டாமா என்று வயல்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் தவித்துக்கொண்டிருந்தார்கள். கடலோரத்து நிலங்களை இறால் பண்ணைக்காரர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். விற்றவர்கள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போவதற்காக எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் படியின் மூலைகளெல்லாம் வெற்றிலை எச்சிலால் சிவந்து கிடக்கும். துப்பட்டாவை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, சுவரில் படாமல் ஏறக் கற்றுக்கொண்டேன்.

மேலே ஏறினால் முதலாளியின் சென்ட் வாசனை. காலையில் அடிப்பது மாலை வரை போகாது. யாரிடமாவது பேசும்போது கார்ச் சாவியை எடுத்துக் காது குடைவார். குடைந்த சாவியை ஒரு தரம் பார்த்துவிட்டு, அதே கையால் வந்தவரின் புஜத்தைப் பிடித்து அமுக்கிப் பார்ப்பார். சந்தையில் மாட்டைப் பிடித்துப் பார்க்கிறவர்களாவது பல்லைப் பார்க்கும்போது ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார்கள். இவர் ஒன்றும் சொல்ல மாட்டார். என்னிடம் மட்டும் மிகுந்த மரியாதை. ஒரு தரம்கூட நீ என்று அழைத்ததில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்திருந்த புரோகிராமில் எதற்கும் பெயர் கிடையாது. ஏ1, ஏ2, எக்ஸ், எக்ஸ்எக்ஸ். ஒரு மனிதனின் வயது எங்கே இருக்கிறது, ஊர் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே நாள் போய்விடும். ஒரு நாள் முழுக்க அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போனால் சோற்றில் கை வைக்க மனசு வராது. கொஞ்ச நாள் பொறுத்தேன். பிறகு முதலாளியிடம் போய், முதலிலிருந்து நானே எழுதிவிடுகிறேன் என்றேன்.

"எழுதுங்கம்மா. ஆனா வேல நிக்கக் கூடாது" என்றார்.

கல்லூரி நூலகத்தில் ஒரு கட்டுரையின் ஜெராக்ஸ் படித்திருந்தேன். லிட்டரேட் புரோகிராமிங் என்று சொல்வார்கள். விஷயம் எளிமையானது. ஒரே கோப்பில், மனிதர் படிப்பதற்கான விளக்கத்தையும் இயந்திரத்துக்கான வரிகளையும் சேர்த்து எழுத வேண்டும். இந்தப் பகுதி எதற்கு, ஏன் இப்படி என்று முதலில் ஒரு பத்தி. அதன் கீழே புரோகிராம் வரிகள். அப்புறம் அடுத்த பத்தி. எழுதி முடித்ததும் ஒரு கருவி இயந்திரத்துக்கான வரிகளை மட்டும் உருவி எடுத்துக்கொள்ளும். இன்னொரு கருவி எல்லாவற்றையும் புத்தகம்போல அச்சுக்குத் தயார் செய்யும்.

மௌஸ் தேவைப்படாத ஒரு கறுப்புத் திரை எடிட்டரில், புரோகிராம் அடிக்கும் மென்பொருளில், இதைச் செய்தேன். அதில் தமிழ் எழுத்து வராது. எனவே ஆங்கில எழுத்துகளிலேயே தமிழை அடித்தேன். அச்சாகும்போது அதைத் தமிழ் எழுத்தாக மாற்ற நானே சின்னதாக ஒன்றை எழுதிக்கொண்டேன். எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: விளக்கம் எழுத வராவிட்டால் வரியும் எழுதக் கூடாது. தமிழில் சொல்ல முடியாத எதையும் இயந்திரத்திடம் சொல்ல எனக்கு உரிமையில்லை என்று நினைத்தேன். அந்த வயசுக்கு அது பெரிய கொள்கையாகத் தோன்றியது.

அந்த ஆபீஸில் அருவருப்பில்லாத இடம் அந்தக் கறுப்புத் திரை மட்டும்தான். ஈ மொய்க்கும் டீ கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு அதற்குள் போய்விடுவேன். விண்ணப்பம் பதிவது, பாஸ்போர்ட் தேதி பார்ப்பது, மருத்துவப் பரிசோதனை என்று பகுதி பகுதியாக வளர்ந்தது. படித்துப் பார்க்க எனக்கே நன்றாக இருந்தது.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, எங்களுக்குக் கட்டும் பணத்தை எப்படித் திரட்டினீர்கள் என்பது. நான்தான் கேட்டுப் பதிவேன். நகையை அடகு வைத்தவர்கள், மைத்துனர் வெளிநாட்டிலிருந்து அனுப்பியவர்கள், நிலத்தை விற்றவர்கள். நிலத்தை விற்றவர்கள் அதைச் சற்று அழுத்திச் சொல்வார்கள். சொன்னால் இரக்கம் வரும், சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள் என்ற நினைப்பு.

முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வாராவாரம் வருவார்கள். அவர் கொத்தனார் வேலைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பேச்செல்லாம் அந்த அம்மாதான். "எங்க நெலம் அஞ்சு மாவும் குடுத்துட்டோங்க. இப்ப அங்க வயலே இல்ல, உப்புத்தண்ணி நிக்கிது. அத எழுதிக்கிட்டீங்களா?" என்று முதல் நாள் கேட்டாள். எழுதிக்கொண்டேன் என்றேன். அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் விசா வந்ததா என்று என்னிடம்தான் கேட்பாள். அவர் படியிலேயே நின்றுவிடுவார்.

விசா மொத்தமாக வராது. கொஞ்சம் கொஞ்சமாக வரும். வருகிறபோது யாரை முதலில் அனுப்புவது என்று புரோகிராமே வரிசைப்படுத்தித் தர வேண்டும் என்றார் முதலாளி. விண்ணப்பித்த தேதிப்படி போட்டுவிடலாமே என்றேன்.

"அதெல்லாம் ரேஷன் கடைக்கும்மா" என்றார். சாவி காதில் இருந்தது. "பாருங்க. மச்சான் வெளிநாட்டுல இருக்கறவன் சத்தம் போடுவான், பாஸ்போர்ட்டத் திருப்பிக் கேப்பான். அவன முதல்ல அனுப்பிடணும். நகைய வெச்சவனுக்கு வட்டி ஏறும், அவன் ரெண்டாவது. நெலத்த வித்துட்டு வந்தவன் எங்க போவான்? ஊர்லயும் மூஞ்சி காட்ட முடியாது. அவன் எத்தன மாசம்னாலும் உக்காந்திருப்பான். அவன கடைசில போடுங்க."

பழைய புரோகிராமில் இது ஏற்கனவே இருந்ததாம். அப்புறம் தேடிப் பார்த்தேன். இருந்தது. எக்ஸ்எக்ஸ் மூன்றாக இருந்தால், அதாவது நிலத்தை விற்றவராக இருந்தால், கடைசி. அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், என்னவென்றே தெரியாமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

எடிட்டரில் உட்கார்ந்து அந்தப் பகுதிக்கு விளக்கம் எழுத ஆரம்பித்தேன். 'விண்ணப்பதாரரின் நிதிப் பின்னணியைக் கருத்தில் கொண்டு முன்னுரிமை வழங்கப்படுகிறது' என்று முதலில் வந்தது. முதலாளி சொன்னதையாவது காதால் கேட்க முடிந்தது. நான் எழுதியதில் யாரோ பிணத்துக்குப் பவுடர் போட்டு வைத்ததுபோல ஒரு வாடை அடித்தது. அழித்தேன். பிறகு நேராக எழுதினேன்: 'நிலத்தை விற்றுப் பணம் கட்டியவர்களுக்குத் திரும்பிப் போக இடமில்லை. எவ்வளவு நாளானாலும் காத்திருப்பார்கள். ஆகவே அவர்களைக் கடைசியில் அனுப்புகிறோம்.' அதன் கீழே புரோகிராம் வரிகளையும் எழுதினேன். ஓட்டிப் பார்த்தபோது முத்துப்பேட்டைக்காரரின் பெயர் பட்டியலின் அடியில் போய் நின்றது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். "எல்லா எடத்துலயும் அப்படித்தான் இருக்கும். ஜெபம் பண்ணிட்டு வேலையப் பாரு" என்றாள். ஆனால் என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. இதை அச்சில் கொடுத்து அவரைப் படிக்க வைக்க வேண்டும். தன் வாயால் சொன்னதைத் தாளில் பார்த்தால் கூசிப்போவார் என்று நம்பினேன். எழுத்துக்கு அப்படி ஒரு சக்தி உண்டென்று எனக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

அதற்கு வாய்ப்பும் வந்தது. கும்பகோணத்தில் ஒரு கிளை திறக்கப் போகிறோம், அங்கே வேலைக்கு எடுத்தவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதித் தாருங்கள் என்றார். எல்லாவற்றையும் அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தார். நான் எதிரில் நின்றிருந்தேன். அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தி, உதடு அசைய இரண்டு தரம் படித்தார்.

"இவ்வளவு தெளிவா நானே சொன்னதில்லம்மா" என்றார். முகத்தில் உண்மையான சந்தோஷம். "கும்பகோணத்துப் பையனுக்கு இத வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. இனிமே இதப் படிடான்னு குடுத்துடலாம். ஒங்களுக்கு எழுத்து நல்லா வருது."

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"இன்னொண்ணும் சேர்த்துடுங்க. கல்யாண வயசுல பொண்ணு இருக்கறவன் அவசரப்படுவான். அவன்கிட்ட ஸ்பெஷலா அனுப்புறோம்னு மேல கொஞ்சம் கேக்கலாம். அதயும் இதே மாதிரி அழகா எழுதிடுங்க."

வெளியே வந்து குழாயில் முகம் கழுவினேன். சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த சென்ட் வாசனை என் கையிலேயே இருப்பதுபோல இருந்தது. அவர்மேல் வந்த வெறுப்பு பழையது. இது வேறு. நான் ஒழுங்காக எழுதியதால்தான் அது கும்பகோணம் வரை போகப் போகிறது. எக்ஸ்எக்ஸ் என்றே விட்டிருந்தால் அவர் ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

திரும்பியபோது முத்துப்பேட்டை அம்மாள் படியில் ஏறி வந்துகொண்டிருந்தாள். பின்னால் அவள் கணவர். "விசா வந்துச்சாங்க?" என்றாள்.

"உங்களக் கடைசியிலதான் அனுப்புவாங்க" என்றேன். "நிலத்த வித்துட்டோம்னு சொன்னீங்கல்ல. அதனால. உங்களால வேற எங்கயும் போக முடியாதுன்னு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார், எச்சில் கறை இருப்பதைக்கூடப் பார்க்காமல்.

"யாரு சொன்னா?"

"முதலாளிதான். புரோகிராம்ல எழுதியிருக்கு."

"எழுதுனது யாரு?"

"நான்தான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க விரும்பவில்லை. சோற்றில் கிடந்த எதையோ பார்ப்பதுபோல இருந்தது என்று மட்டும் சொல்லலாம். என்னைத் தாண்டி உள்ளே போனாள். அங்கே பெஞ்சுகளில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் கத்தவில்லை. முதல் ஆளிடம் போய், "அண்ணே, நீங்க நெலத்த வித்தா கட்டுனீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். அடுத்தவரிடம் கேட்டாள். அவர் மைத்துனர் அனுப்பியது என்றார். "அப்ப நீங்க போயிடுவீங்க. நாங்க கடைசி. அந்தப் பொண்ணு எழுதி வெச்சிருக்கு" என்றாள். பெஞ்சுகள் கலைந்தன. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். எப்போது கட்டினாய், எதை விற்றாய், யார் போனார், யார் போகவில்லை. கூட்டி வைத்துப் பார்க்க அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

முதலாளி வெளியே வந்தார். சிரித்துக்கொண்டேதான் வந்தார். "பாஸ்போர்ட் வேணுங்கறவங்க வாங்கிக்கலாம், யாரையும் நாங்க கட்டிப் போடலியே" என்றார். பணத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம், தரலாம், தவணையில் தரலாம் என்றார். சிலர் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். அந்த அம்மாள்தான் முதலில் வாங்கினாள். பலர் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்ததைப் பார்க்க எனக்குக் குமட்டியது. அவர்களைப் பார்த்து அல்ல. முதலாளியின் கணக்கு சரியாக இருந்ததைப் பார்த்து.

மாலையில் என்னைக் கூப்பிட்டார். "எழுத்து நல்லா இருக்கு. வாய்தான் சரியில்ல. நாளையிலேர்ந்து வர வேண்டாம்மா" என்றார். அப்போதும் மரியாதை குறையவில்லை. கிளம்பும் முன் அந்தப் பத்தியையும் வரிகளையும் நீக்கி, விண்ணப்பத் தேதிப்படி வரிசை வரும்படி மாற்றிவிட்டேன், அவரிடமும் சொன்னேன். அவர் ஸ்பைரல் புத்தகத்தைத் தட்டிக் காட்டி, "இது இருக்கே, போதும்" என்றார்.

பிறகு சென்னைக்குப் போனேன். பெரிய கம்பெனி, குளிர்ந்த அறை, கண்ணாடிக் கதவு. அங்கே எல்லோரும் 'நிதிப் பின்னணியைக் கருத்தில் கொண்டு' என்ற தினுசில்தான் எழுதினார்கள், ஆங்கிலத்தில். நான் என் பாட்டுக்கு எடிட்டரில் பழைய முறையிலேயே எழுதினேன். கருவி உருவித் தந்த வரிகளை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். விளக்கத்தை யாரும் கேட்கவில்லை. எனக்கும் யாரிடமும் காட்டத் தோன்றவில்லை.

சில வருஷங்கள் கழித்து, ஊருக்கு வந்திருந்தபோது திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவள்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டாள். கணவர் நாகப்பட்டினத்து ஏஜெண்ட் ஒருவர் மூலம் மலேசியாவுக்குப் போயிருந்தார். கட்டட வேலை இல்லை, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை. பாம்பு அதிகமாம்.

"அந்த ஏஜெண்டுகிட்ட நெலம் இருக்குன்னுதான் சொன்னோம்" என்றாள். "பொய்தான். ஒடனே அனுப்பிட்டாரு."

நல்லது செய்தீர்கள் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இப்பவும் அந்த எழுதுற வேலதானா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க."

தலையை ஆட்டினாள். பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, திருத்துறைப்பூண்டி பஸ் எங்கே நிற்கும் என்று பூக்காரியிடம் கேட்கப் போனாள். அந்த இடம் எனக்குத் தெரியும். என்னிடம் அவள் கேட்கவில்லை.