மச்சான் பெயர் வைத்த வண்டி

திருவந்திபுரத்திலிருந்து கடலூர் திரும்பும் சாலையில் ஒரு மளிகைக் கடைக்காரர் எங்கள் வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்று, கடை ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டார். அது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தெருவில் பிணம் போகும்போது எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் செய்வது அது. பிணம் தாண்டிப் போனதும் ஷட்டரை மறுபடி ஏற்றிவிட்டு வியாபாரத்தைப் பார்ப்பார்கள். நான் முதலில் அவர் சாப்பாட்டுக்குக் கிளம்புகிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்து சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் இறங்கி, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். அப்போதுதான் ஜீப்பின் கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று நீளமாக ஒரு பெட்டி. அதன் மேல் ஆளுயர ரோஜா மாலை. முன்பக்கக் கம்பியில் செருகிய ஊதுபத்திக் கட்டு புகைந்துகொண்டிருந்தது. நானே ஆசை ஆசையாகச் செய்து, பூஜை போட்டு, மாலை சாத்தி எடுத்து வந்த டிரெய்லர்தான் அது.

பைக்கில் பின்தொடர்ந்து வந்த என் மச்சான், ரயில்வே கேட்டில் நாங்கள் நின்றபோது ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி கேட்டான்: “மாமா, உள்ள யாரு?”

கேட்டில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பக்கத்து சீட்டில் இருந்த என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நானும் சிரித்தேன். சிரித்துத்தான் ஆகவேண்டும். மனைவியின் தம்பி கேலி பேசினால் கோபப்படக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் எழுதாத சட்டம். அது அவனுக்கு உள்ள முறை. யார் முகம் முதலில் சுருங்குகிறதோ அவர் தோற்றார். எனக்கும் அவனைக் கேலி பேச உரிமை உண்டுதான். ஆனால் என் வாய்க்கு வேண்டிய பதில் மறுநாள்தான் வந்து சேரும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவனுக்குச் சிதம்பரத்தில், பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை. மஞ்சள் நீராட்டு விழாவும் கண்ணீர் அஞ்சலியும் ஒரே மெஷினில் வெளியே வரும். இரண்டுக்கும் வாசகம் எழுதி எழுதி, எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு பெயர் அவன் நாக்கில் தயாராக இருக்கும். அவன் வைத்த பட்டப்பெயரோடு சிதம்பரத்தில் எத்தனையோ பேர் இன்றும் நடமாடுகிறார்கள். அவர்கள் பெற்றோர் வைத்த பெயரைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. அன்று ரயில்வே கேட்டிலேயே என் வண்டிக்கும் பெயர் வைத்துவிட்டான்: சொர்க்க ரதம். நாங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவில் வண்டியின் படம் வந்துவிட்டது, கண்ணீர் அஞ்சலி பார்டரோடு.

அந்த வண்டியை நான் செய்தது மனைவிக்காக. கடலூரில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். ஆக்சில், பேரிங், கொக்கி எல்லாம் என் கைக்குப் பழகியவை. பிள்ளைகள் படித்து வெளியூர் போன பிறகு ஒருநாள் அவள் சொன்னாள்: “எங்க போனாலும் யாரோ ஒருத்தர் வூட்டுக்குத்தாங்க போறோம். போனதும் அவுங்க அடுப்புகிட்ட நிக்கறேன். யாருமே வராத எடமா ஒரு நாள் இருக்கணும்.” கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்ட ஆசைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் இது மனதில் தைத்தது. சேற்றிலும் மணலிலும் ஜீப் இழுத்துப் போகக்கூடிய, இரண்டு பேர் படுக்கக்கூடிய ஒரு சின்ன வண்டி. கடலோரம் எங்காவது நிறுத்தினால் அதுதான் வீடு. எந்தச் சொந்தக்காரரும் கதவைத் தட்டமாட்டார்கள்.

அடிச்சட்டம் நானே போட்டேன். மேல்கூட்டுக்குத் துறைமுகத்தில் ஃபைபர் படகு கட்டுகிறவர்களிடம் போனேன். அவர்கள் படகும் ஐஸ் பெட்டியும் தவிர வேறு எதுவும் கட்டியதில்லை. உப்புக்காற்று தின்னாத, மழை புகாத கூடு என்றேன். கேட்டதைவிட நன்றாகவே செய்தார்கள். படகுக்கு அடிக்கும் வெள்ளையையே இதற்கும் அடித்தார்கள். நானும் பளிச்சென்று இருக்கிறதே என்று பூரித்துப்போனேன். மாலை வாங்கும்போதுகூட சின்னது வேண்டாம், பெரிதாகக் கட்டுங்கள் என்று பூக்காரம்மாவிடம் சொன்னவன் நான்தான்.

அடுத்த வாரம் பிச்சாவரம் போகலாம் என்று எல்லாம் எடுத்துவைத்தேன். மனைவி படியில் கால் வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். “சிரிப்பா இருந்துச்சி அன்னிக்கி. இப்ப இதுல எப்படிங்க படுக்கறது? கண்ண மூடுனா தம்பி சொன்னதுதான் வருது.” எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன். அவள் வரவில்லை. ஒருவன் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை, என் மனைவி வாய்விட்டுக் கேட்ட ஆசையை அவளே தொடமுடியாதபடி செய்துவிட்டது. அன்றுதான் எனக்கு அவன் மேல் உண்மையான வன்மம் மூண்டது. வாயால் அவனை ஜெயிக்க முடியாது, கையால் ஜெயிப்பேன் என்று முடிவு செய்தேன். அந்தப் பெயர் ஒட்டவே முடியாதபடி வண்டியை மாற்றிக் காட்டவேண்டும்.

முதலில் வெள்ளையைச் சுரண்டிவிட்டுப் பட்டாளப் பச்சை அடித்தேன். மச்சான் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தான். “அரசு மரியாதையோட போறாரு மாமா.” சரி, இருட்டுப் பெட்டியாக இருப்பதால்தானே என்று இரண்டு பக்கமும் வெட்டி, கொசுவலையோடு கண்ணாடி ஜன்னல் வைத்தேன். “கடைசியா மூஞ்சி பாக்கறவங்களுக்கு வசதி.” புழுக்கத்துக்குக் கூரையில் சோலார் தகடு போட்டு, பேட்டரி வைத்து, குட்டி ஏசி ஒன்றைப் பொருத்தினேன். “ஃப்ரீசரு வந்துடுச்சா? இனிமே ரெண்டு நாளு தாங்கும்.” குலுக்கலைத் தாங்கும் கமான் பட்டைகளை மாற்றி, அகலமான டயர் போட்டு, வண்டியையே ஒரு முழம் உயர்த்தினேன். பள்ளத்தில் இறங்கினாலும் உள்ளே வைத்த டம்ளர் தண்ணீர் சிந்தாது. “குலுங்காது. உள்ள இருக்கறவருக்கு வலி ஜாஸ்தி ஆவாது.” பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்பும் பாத்திரத் தட்டும் வருகிற மாதிரி மனைவிக்காக ஒரு சமையல் இடம் செய்தேன். அதைப் பார்த்துவிட்டு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “கருமாதி சாப்பாடும் இங்கயேவா மாமா?”

நான் எதைச் சேர்த்தாலும் அது அவன் பெயருக்கே போய்ச் சேர்ந்தது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு போல்ட்டையும் அவன் கழுத்தை நினைத்துத்தான் முறுக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு இறுக்கமாக நான் எதையும் முடுக்கியதில்லை. அந்த வண்டியில் இன்றுவரை ஒரு நட்டுகூடத் தளரவில்லை என்றால் அந்தப் பெருமை அவனையே சேரும்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிச்சாவரம் பக்கம் கைவிடப்பட்ட ஒரு இறால் பண்ணையின் கரையில் வண்டியை நிறுத்திச் சோதித்துப் பார்க்கப் போனேன், தனியாகத்தான். மதியம் மனைவி சோறு எடுத்துக்கொண்டு தம்பியின் பைக்கில் வந்தாள். வண்டிக்குள் வரமாட்டாள், வெளியே பாய் விரித்துச் சாப்பிடலாம் என்று ஏற்பாடு. மச்சானுக்கோ சோற்றைவிட வீடியோதான் முக்கியம். மேலிருந்து எடுத்தால்தான் பெட்டி முழுதாக விழும் என்று பண்ணைக்குத் தண்ணீர் விடும் பழைய மதகின் சுவரில் ஏறினான். செல்போனை உயர்த்திக்கொண்டே, “அன்னார் இறுதி ஊர்வலம்...” என்று வர்ணனையை ஆரம்பித்தான். பாசியில் கால் வழுக்கியது. கீழே கருங்கல். தொடை எலும்பு முறிந்த சத்தம் எங்கள் இரண்டு பேருக்குமே கேட்டது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். தார்ச்சாலை வரைதான் வரமுடியும், கரைமேல் வண்டி ஏறாது, ஆளை அசைக்காமல் படுக்கவைத்தபடியே கொண்டுவாருங்கள் என்றார்கள். ஜீப் சீட்டில் அவனைப் படுக்கவைக்க முடியாது. மெத்தையும் சமதளமும் குலுங்காத சக்கரமும் இருந்த வண்டி அங்கே ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நாலு பேர் வந்து, காலோடு கட்டையை வைத்துக் கட்டி அவனைத் தூக்கினார்கள். டிரெய்லரின் கதவைத் திறந்ததும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். வலியையும் மீறி அவன் கண்ணில் பயம் தெரிந்தது.

“மாமா, அதுல வேணாம் மாமா. நடந்துகூட வந்துடறேன்.”

எனக்கு எப்போதும் மறுநாள் வருகிற பதில் அன்று உடனே வந்தது. “ஏன் மச்சான்? எல்லாம் உனக்காகப் பாத்துப் பாத்துப் பண்ணதுதான?”

எலும்பு முறிந்தவனை வேகமாகக் கொண்டுபோகக் கூடாது. அது என் விருப்பமல்ல, மருத்துவம் அறிந்த எவரும் சொல்வது. ஆகவே மிக மெதுவாக ஓட்டினேன். விளக்குகளைச் சிமிட்டவிட்டபடி கரைக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் இருந்த மீனவக் கிராமத்தின் ஒரே தெருவில் ஜீப்பை நடக்கவிட்டேன். தூக்கிவிட்ட நாலு பேரும் இரண்டு பக்கமும் கூடவே நடந்து வந்தார்கள். பெண்கள் வாசலுக்கு வந்து வாயில் கைவைத்தார்கள். பெட்டிக்கடைக்காரர் பலகையை எடுத்துப் பாதிக் கடையை மறைத்தார். யாரோ, “பாவம், யாருங்க?” என்று கேட்டார்கள். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் ஜன்னல் கொசுவலைக்குள்ளிருந்து மச்சானின் குரல் அலறியது: “யோவ், நான் உசுரோடதான்யா இருக்கேன்!” தெருவே ஒரு கணம் பேயறைந்த மாதிரி நின்று, பிறகு சிரித்தது. என் வாழ்க்கையில் அதைவிட இனிப்பாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

தார்ச்சாலைக்கு வந்து கதவைத் திறந்தபோதுதான் அந்த இனிப்பு தொண்டையில் நின்றது. உள்ளே என் மனைவி உட்கார்ந்திருந்தாள். தம்பியின் தலை அவள் மடியில் இருந்தது. அந்த நாலு பேரோடு பின்னால் நடந்து வருகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கரையிலேயே, நான் ஸ்டியரிங்கில் உட்காரப் போன நேரத்தில், அவள் யோசிக்காமல் ஏறியிருக்கிறாள். நான் அத்தனை கெஞ்சியும் உள்ளே வைக்காத காலை அவனுக்காக ஒரு நொடியில் வைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அது அவனுக்காக என்று ஆம்புலன்ஸ்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கால் கூடிய பிறகு அவன் தலைகீழாக மாறிவிட்டான். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும், “மாமா வண்டி இல்லன்னா என் காலே போயிருக்கும்” என்று என் வண்டியின் புகழ்தான். சொர்க்க ரதம் என்று யாராவது சொன்னால் அவனே சண்டைக்குப் போனான். ஞாயிறு விடிந்தால் போன் வரும்: “அக்கா, வண்டிய எடுத்துக்கினு கெளம்பலாமா?” அவன் குடும்பம் வரும், கடை நண்பர்கள் வருவார்கள். கால் வலிக்கிறது என்று கட்டிலில் அவன் நீட்டிப் படுத்துக்கொள்வான், ஏசி ஓடும். என் மனைவி பின்பக்க மூடியின் கீழே நின்று முதலில் டீ போடுவாள், பிறகு தோசை வார்ப்பாள், பிறகு மீன் வறுப்பாள். பிச்சாவரத்துத் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பகல் முழுதும் நிற்பாள். ஒருநாள் அவன் படுத்தபடியே வண்டிக்குப் புதுப்பெயர் வைத்தான்: “அக்கா மெஸ்.” எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள். பழைய பெயர்கூட என்னை இவ்வளவு சுட்டதில்லை. இந்தப் பெயரில் பொய்யே இல்லை.

கடைசி மாற்றத்தை அந்த வாரம் செய்தேன். அடுப்பைக் கழற்றினேன். பாத்திரத் தட்டு, தண்ணீர்க் குழாய், டீத்தூள் டப்பாவுக்கென்று செய்த சின்ன வளையம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பலகையால் அடைத்தேன். கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்தது. மச்சான் பின்பக்கம் போய் மூடியைத் தூக்கினான். “என்னா மாமா, அடுப்பக் காணோம்? டீக்கு என்னா பண்றது?”

“ரோட்டு மேல கடை இருக்கு மச்சான். எனக்கும் ஒண்ணு வாங்கிக்கினு வா.”

நண்பர்கள் முன்னால் அவன் முகம் சுருங்கியது, எல்லாரும் பார்த்தார்கள். பிறகு காலைச் சாய்த்துச் சாய்த்துக் கரைமேல் நடந்தான். எனக்கு இரக்கம் வரவில்லை, இப்போதும் இல்லை. மனைவி வெறும் பலகையைப் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டாள். “நான் செத்த நேரம் படுக்கறேங்க” என்று சொல்லிவிட்டு, ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து நானும் போய்த் தட்டிப் பார்த்தேன். அவள் திறக்கவில்லை.