பிரெஞ்சு நடிகருக்கு நான் தந்த குரல்

வாசகரே, சாட்சியாக நின்று கேளுங்கள். தீர்ப்பைப் பிறகு சொல்லலாம். எழுபதுகளின் இறுதியில் மதுரைக் கல்லூரிப் பேச்சுப்போட்டி மேடைகளில் சுழற்கோப்பைகளை அள்ளிய நாக்கு என்னுடையது. அதை நம்பித்தான், திரைப்படச் சங்கம் நடத்திய என் வகுப்புத் தோழன் ஒரு பிரெஞ்சு நடிகரை என்னிடம் ஒப்படைத்தான்.

அவரது வாழ்க்கையைப் படம் தொடங்கும் முன் நானே அறிமுகவுரையில் சொன்னேன். கடலோர ஊரில் மீன் ஏலம் விடுபவரின் மகன். அந்த ஏலக் குரலோடு பாரிஸ் நாடக மேடைகளை இருபது ஆண்டுகள் ஆண்டவர். சினிமாவுக்குப் போனபோதோ, குரலை இறக்கக் கற்றுக்கொள்ளவே அவருக்குப் பல படங்கள் பிடித்தன.

செல்லூரில் விசைத்தறி முதலாளி ஒருவர் தம் கல்யாண மண்டபத்தைப் படம் போட அன்று மாலை தந்திருந்தார். கூட்டம் கடைசிவரை இருந்தால் மாதந்தோறும் தருவார். கலைந்தால் சங்கத்துக்கு வேறு போக்கிடமில்லை. புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படத்தில், வசனத்தை மொழிபெயர்த்துத் திரையின் அடியில் காட்டும் எழுத்து கிடையாது. உடன் வந்த ஆங்கில வசனத் தாள்களைத் தமிழாக்கி, திரையோரம் மைக் முன் நின்று பேசுவது என் பொறுப்பு.

மகள் பட்டணம் போகத் தகப்பன் மறுக்கும் காட்சி. தகப்பனாக நடித்த நம் நடிகர் சூப்பைக் கிண்டியபடி முணுமுணுத்தார். நானோ, "மகளே! இந்த வாசலைத் தாண்டினால் உனக்குத் தந்தை இல்லை!" என்று முழங்கினேன். மண்டபம் அதிர்ந்தது. கைதட்டல் அடங்கும்வரை காத்திருப்பது மேடைப் பயிற்சி, காத்திருந்தேன். படம் காத்திருக்கவில்லை. தகப்பனின் கோபத்தை மகள் பேசினாள். மகளின் அழுகையைத் தபால்காரர் அழுதார்.

"அண்ணே, அந்தாளு அப்பவே வெளிய போயிட்டாரு! யாரைத் திட்டுறீக?"

"தபால்காரனுக்கு அம்புட்டு என்னய்யா கஷ்டம்?"

சிரிப்பினூடே பின்வரிசைகள் எழுந்தன. தோழன் குனிந்தபடி ஓடிவந்தான்.

"மாப்ள, முதலாளியும் எந்திரிக்கிறாரு. பேப்பரைக் கீழ வையி."

"வசனம் புரியாதுடா."

"இப்ப மட்டும் புரிஞ்சு கிழிச்சுச்சாக்கும்! வையி."

வைத்தேன்.

திரையில் ரயில் நிலையம். மறுத்த தகப்பனே மகளை வழியனுப்ப வந்திருந்தார். அவள் மேலங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசிப் பொத்தான் இல்லை. குளிர் புகாதபடி அந்த இடைவெளியை விரல்களால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ரயில் அவளைக் கொண்டுபோன பிறகும் அந்த விரல்கள் பிரியவில்லை. வேட்டியை இறுக்கிக் கிளம்ப நின்ற முதலாளி மெல்ல உட்கார்ந்தார். வாசல்வரை போனவர்கள் அங்கேயே நின்று பார்த்தார்கள்.

விளக்கு எரிந்ததும் முதலாளி சொன்னார்: "அடுத்த மாசமும் போடுங்கய்யா. மனுசன் என்னமா நடிக்கிறாரு! இந்தத் தம்பி மட்டும் கொஞ்சம் மூச்சு விடட்டும்."

தோழன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கலைந்து செல்லும் கூட்டத்துக்கும் கேட்கும்படி, மண்டபப் படியில் நின்று அறிவித்தேன்:

"அடுத்த மாசமும் பேச நான்தான் வாரேன் மாப்ள. அவரு முணுமுணுத்தா நானும் முணுமுணுப்பேன். எவன் கைதட்டினாலும் நிக்க மாட்டேன்!"