இடது காது

ஏரிக்கரைப் புல் சிவந்து வாத்துக் கூட்டம் தெற்கே கிளம்பிவிட்டால் தொண்டுப்புக்கு மரியாதை வந்துவிடும். மற்ற நாளெல்லாம் அவன் கூடாரப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள், அப்போது மட்டும் "அண்ணே, சௌக்கியமா?" என்று படுதாவை விலக்கிக்கொண்டு வருவார்கள். கோடையில் மேய்ந்த புல்லெல்லாம் ஆடுகளின் உடம்பில் கொழுப்பாக ஏறியிருக்கும். இன்னும் கொஞ்ச நாள் போனால் குளிர் அதைத் தின்றுவிடும். அதற்குள் குளிர்காலத்துக்கான இறைச்சியைச் சேர்த்தாக வேண்டும். ஆனால் உயிரைக் கொல்வது பாவம். அந்தப் பாவத்தைச் செய்ய ஒருவன் வேண்டும் அல்லவா? எங்கள் ஏரிக்கரையில் அவன் தொண்டுப்.

"கொல்" என்ற சொல் யார் வாயிலும் வராது. "கொஞ்சம் வேலை இருக்குண்ணே" என்பார்கள். அவன் கயிற்றோடு போவான். ஆட்டுக்காரர் எந்த ஆடு என்று முகவாயால் காட்டிவிட்டு, ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்று ஜபமாலையை உருட்டுவார். தொண்டுப் ஆட்டின் வலது காதில் மந்திரம் ஓதி, வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டி, அது அடங்கும்வரை அதன்மேல் படுத்துக் கிடப்பான். அவனும் அதன் முகத்தைப் பார்க்க மாட்டான். கூலி தலையும் குடலும். உப்புத் தேநீரும் உண்டு. கெண்டியின் மூக்கு அவன் கிண்ணத்தில் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். அத்தனை சுத்தக்காரர்கள்! இறைச்சி மட்டும் யார் தொண்டையிலும் சிக்கியதில்லை.

அந்த வருடம் அவன் மனைவி பல்மோ இருமி இருமி ரத்தம் துப்பத் தொடங்கியிருந்தாள். மாத்திரை ஒரு பக்கம் நடந்தது. லாமாவோ, ஓர் உயிருக்கு விடுதலை கொடுங்கள் என்றார். தங்கள் ஆடுகளில் நல்ல வெள்ளாடாகப் பார்த்து, பல்மோவே அதன் இடது காதைக் குத்திச் சிவப்புக் கம்பளி நூலைக் கோத்தாள். இனி அதன்மேல் யார் கயிறும் படக் கூடாது. அது மேயும்வரை அவளும் இருப்பாள். தொண்டுப் இதை முழு மனதாக நம்பினான். பிடித்துக்கொள்ள அவனுக்கு வேறு எதுவும் இல்லை.

"நம்ம செவப்புக் காதுக்காரி மேயுறாளா?" என்று தினமும் கேட்பாள்.

"உன்னைவிட நல்லாத் திங்கிறா."

"எனக்கும் சேத்துத் திங்கச் சொல்லு."

பனி முந்திக்கொண்டது. காற்றில் மந்தைகள் ஒன்றோடொன்று கலந்து, கிடைத்த பட்டிக்குள் புகுந்துகொண்டன. அன்று சாயங்காலம் பக்கத்துக் கூடாரத்து ஊர்கென் ஓடி வந்தான்.

"அண்ணே, இன்னைக்கே முடிச்சிடலாம். விட்டா நிக்கிறது நிக்கிறபடியே செத்துடும்."

"எது எது?"

"அந்த மூலையில நிக்கிறதெல்லாம்" என்று முகவாயைத் தூக்கிய ஊர்கென், அதற்குள் ஏரிப் பக்கம் திரும்பிவிட்டான்.

மூலையில் நின்றவை எல்லாம் பனி மூடிய வெள்ளை மூட்டைகள். கூடாரத்தில் பல்மோ தனியாக இருமிக்கொண்டிருந்தாள். தொண்டுப்பின் கை அவசரத்தில் பறந்தது. வலது காதில் மந்திரம், பிறகு கயிறு, அடுத்தது. வேலை முடிந்ததும் தலைகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு விரைந்தான்.

தலைகளை வாட்டுவது எப்போதும் பல்மோவின் வேலை. மறுநாள் காலை முடியாத உடம்போடு அடுப்படியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து உறைபனியைத் தட்டினாள். ஒரு தலையோடு அவள் கை நின்றுவிட்டது. இடது காதில் ஓட்டை. ஓட்டையில் அறுந்துபோன சிவப்பு நூலின் துணுக்கு.

"இது நான் குத்துன காது" என்றாள்.

தொண்டுப் வந்து குனிந்தான். அப்போதுதான் அதன் முகத்தைப் பார்த்தான்.

"ஊர்கென்தான்... அவன்தான் காட்டினான்..."

"அவன் பாக்கல. நீயும் பாக்கல."

அவள் கத்தியிருந்தால் தேவலை. கோபமே இல்லாமல் சொன்னதும் அவன் அழுதபடி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உக்காந்து அழாத. சட்டியை எடு. எனக்குன்னு விட்ட உசிரு, வேற எவன் வயித்துக்கும் போக வேணாம்."

வெந்த சாற்றை அவள் மெல்ல மெல்லக் குடித்து முடித்தாள். அவன் தொடவில்லை.

ஏரி முழுக்க உறைவதற்குள் பல்மோ போய்விட்டாள். நுரையீரல் கெட்டால் யார் என்ன செய்ய முடியும் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். தொண்டுப் தலையாட்டினான். தன் கயிறுதான் அவளைக் கொன்றது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

எரித்த இடத்தில் சாம்பல் ஆறவில்லை. ஊர்கென் வந்து கூடாரத்துக்கு வெளியே நின்றான்.

"அண்ணே, கேக்கக் கூடாத நேரந்தான். இன்னும் ரெண்டு மிச்சம் நிக்குது."

தொண்டுப் கயிற்றை எடுத்துக்கொண்டான். பட்டியில் ஊர்கென் முகவாயால் காட்டிவிட்டுத் திரும்பி, ஜபமாலையை எடுத்தான். தொண்டுப் ஆட்டின் இரண்டு காதிலும் பனியைத் துடைத்துத் தடவிப் பார்த்தான். பிறகு கட்டாமல் உட்கார்ந்துவிட்டான்.

"என்னண்ணே?"

"திரும்பு."

"நான் எதுக்கு..."

"இதோட மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. இதுதானா?"

"பாவம்ணே! என்னை ஏன் இதுல இழுக்கற?"

"பாத்துச் சொன்னாத்தான் கட்டுவேன். இல்லேன்னா இந்தா கயிறு, நீயே கட்டிக்க."

ஊர்கென் திரும்பினான். ஆடு அவனைப் பார்த்தது. மாலை உருட்டிய விரல்கள் நின்றுபோயின.

"இதுதான்" என்றான்.

தொண்டுப் வலது காதில் மந்திரத்தை ஓதிவிட்டுக் கயிற்றைச் சுற்றினான். ஊர்கென் மறுபடி ஏரிப் பக்கம் திரும்பப் போனான்.

"அங்க என்ன பாக்கற? அடங்குற வரைக்கும் இங்க பாரு."

ஊர்கென் பார்த்தான்.