மெதுவக்காவின் வேகம்

மடிக்கணினியின் விலாப்பக்கம் காதை வைத்து, கண்ணை இறுக மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார் மெதுவக்கா. உள்ளே காற்றாடி சுழல்கிறது. முதலில் கொசுவாக முனகி, பிறகு தேனீயாக இரைந்து, கடைசியில் மிக்ஸியாக அலறுகிறது. மிக்ஸி வந்ததும் நிமிர்ந்து, திரை ஓரத்தில் ஓடும் வெப்ப அளவைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு படி தாங்குவா" என்று சொல்லிக்கொள்கிறார். மடிக்கணினி அவருக்குப் பெண்பால். முதல் தடவை இதைக் கேட்ட கணவர், "யாரு, என்னத்தத் தாங்குவா?" என்று கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

மெதுவக்காவின் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. நாற்பதைத் தாண்டியவர். சின்ன வெள்ளை வண்டி. ஓட்டுபவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் இவர் காலடியில் இன்னொரு பிரேக். காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர் வாயில் வருவது ஒரே மந்திரம்: "மெதுவா... மெதுவா... கிளட்ச்ச மெதுவா விடுங்க." பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. கூரியர்காரர்கூட, "மெதுவக்கா வீடு இதுதானே?" என்றுதான் கதவைத் தட்டுகிறார். ஒரு நாள் பாடத்துக்கு வந்தவர் ஒருவர் பொறுக்க முடியாமல், "அக்கா, சைக்கிள்காரர் நம்மள முந்திட்டாருக்கா!" என்று அங்கலாய்த்தார். "முந்தட்டும். பாவம், அவருக்கு என்ன அவசரமோ" என்றார் மெதுவக்கா.

அதே வாய், விளக்கு வைத்த பிறகு வேறு வாய். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் விளையாட்டு ஸ்டியரிங்கைத் திருகி மாட்டி, மேசைக்கடியில் பெடல்களைப் போட்டு, மடிக்கணினியில் கார்ப்பந்தயத்தை ஓடவிட்டால் போதும், கூரை பிய்ந்துகொண்டு போகும். "தள்றா தடியா! வழிய விட்றா! ரோடென்ன உங்கப்பன் வீட்டு ரோடா?" கீழ்வீட்டில் குடியிருந்தவர்கள் ரொம்ப நாள் இதைக் குடும்பச் சண்டை என்றே நம்பினார்கள். படியில் பார்க்கும்போதெல்லாம் கணவரின் தோளை மெல்லத் தட்டிவிட்டுப் போவார்கள். அவரும் எதற்கென்று தெரியாமல் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

வம்பு அடுத்த தெருவிலிருந்து வந்தது. அங்கே இன்னொரு ஓட்டுநர் பள்ளி. நடத்துபவரைப் பறக்கும் வாத்தியார் என்பார்கள். அவர் வண்டியின் பின்னால், 'ஏழே நாளில் பறக்கலாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். சிக்னலில் இரண்டு வண்டியும் ஒட்டி நின்ற ஒரு நாள், கண்ணாடியை இறக்கி, "மேடம், உங்ககிட்ட கத்துக்கிட்டவங்க வண்டிய ஓட்டறாங்களா, இல்ல தள்ளிக்கிட்டுப் போறாங்களா?" என்று கேட்டார். அவர் வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. மெதுவக்கா வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவரும் களுக்கென்று சிரித்துவிட்டார். அங்கேதான் பற்றிக்கொண்டது.

"சார், கம்ப்யூட்டர்ல ஓட்டுவீங்களா?"

"நானா? அதுல நான் புலி மேடம்!"

பச்சை விளக்கு விழுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. தோற்றவர் தன் வண்டியின் பின்னால் ஜெயித்தவருடைய ஸ்டிக்கரை ஒரு மாதம் ஒட்டிக்கொண்டு ஊரைச் சுற்ற வேண்டும். மெதுவக்காவின் ஸ்டிக்கர்: 'மெதுவா வந்தாலும் முழுசா வருவோம்.'

வீட்டுக்கு வந்ததும்தான் மழையின் ஞாபகம் வந்தது. பந்தயத்தில் மழை வரும் கட்டம் ஒன்று உண்டு. அந்த மழை விழுந்தால் அவருடைய மடிக்கணினி திக்கும். கார் இங்கே இருக்கும், கண் சிமிட்டினால் அங்கே இருக்கும், நடுவில் உள்ள வளைவைக் காணோம். புதிது வாங்கிவிடலாமே என்றார் கணவர். "இருக்கறவளுக்கே இன்னும் தெம்பு இருக்கு. தட்டி எழுப்பணும், அவ்வளவுதான்" என்றார் மெதுவக்கா. கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த வேகத்தைக் கொஞ்சம் கூட்டி ஓடவிடும் வேலையை ஓவர்கிளாக் என்பார்கள்.

துணைக்கு வந்தவர் நாத்தனார். கணவரின் தங்கை, கடைத்தெருவில் பியூட்டி பார்லர் நடத்துகிறார். எதையும் ஒரே மூச்சில் செய்து முடிக்கிற ரகம். "எவ்வளவு ஏறும் அண்ணி? ஒரே தூக்கா தூக்கிடலாமா?"

"முதல்ல போட்டோவெல்லாம் வேற இடத்துல போட்டு வை. அப்புறம் தூக்கலாம்."

அடிமூடியைக் கழற்றியபோது காற்று போகும் சந்துகளில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. "மூக்கடைச்சுக்கிட்டா இவ்வளவு நாளும் ஓடினே?" என்று மெதுவக்கா உருகிப்போனார். தூசியைத் தூரிகையால் தள்ளி, கணக்குப் போடும் பிராசஸர் மேலும் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு மேலும் காய்ந்துபோயிருந்த பசையைத் துடைத்தெடுத்தார். சூட்டை இழுத்து வெளியே விடுவது அந்தப் பசைதான். புதிதாகப் பூச வேண்டும். அதிகமானால் வழியும், குறைந்தால் சூடு தங்கிவிடும். மெதுவக்கா பசை டியூபைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நாத்தனார் டியூபைப் பிடுங்கிக்கொண்டார். "தள்ளுங்க அண்ணி. எத்தனை கல்யாணப் பொண்ணு மூஞ்சியப் பார்த்த கை!" மெல்லிசாக, ஓரம் பிசகாமல், ஃபேஸ் பேக் போடுவதுபோல் பூசிமுடித்து, பழக்கதோஷத்தில், "சிரிக்கக் கூடாது, கோடு விழும்" என்று பிராசஸரிடம் சொன்னார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் திருகாணி ஒன்று சோபாவுக்கடியில் போய்விட்டது.

சார்ஜரைச் செருகி, மடிக்கணினியைக் கெட்டியான மேசையில் வைத்து, கீழே காற்று போக நான்கு ரப்பர் துண்டுகளை முட்டுக்கொடுத்தார்கள். பிராசஸரை ஒரு படி ஏற்றியதுமே சூடு தொண்ணூற்றைந்து டிகிரியைத் தொட்டது. உடனே இறக்கிவிட்டார் மெதுவக்கா. அதற்குப் பதிலாக அது இழுக்கும் மின்சாரத்தைத் துளித்துளியாகக் குறைத்துப் பார்த்தார். சூடு தணிந்தது, தணிந்ததால் மூச்சு வாங்காமல் தன் முழு வேகத்திலேயே நின்று ஓடியது. "கம்மியா சாப்பிட்டு அதிகமா உழைக்குதே!" என்று நாத்தனார் வாயைப் பிளந்தார். "உங்கண்ணனோட பிறந்திருக்கும்" என்றார் மெதுவக்கா. அண்ணன் அடுப்படியிலிருந்து, "கேக்குது, கேக்குது" என்றார்.

கிராபிக்ஸ் கார்டை இருபத்தைந்து இருபத்தைந்து மெகாஹெர்ட்ஸாக ஏற்றினார். ஒவ்வொரு படிக்கும் பந்தயத்தின் மழைக்காட்சியை ஓடவிட்டு, நாத்தனார் நகத்தைக் கடித்துத் துப்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு படியில் மழைக்கு நடுவே பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் மினுங்கின. "ஐ, அழகா இருக்கே!" என்றார் நாத்தனார். "அழகில்ல, அது அழுகை" என்று சொல்லி இரண்டு படி கீழே இறங்கி, அங்கேயே நிறுத்திக்கொண்டார் மெதுவக்கா. மழை பெய்தது. வளைவு வந்தது. முழு வளைவும் வந்தது. நாத்தனார் அண்ணியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்.

பந்தயம் பார்லரில், விடுமுறை நாள் காலையில். இரண்டு பள்ளியின் மாணவர்களும் சுழல் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டார்கள். இடம் கிடைக்காத ஒருவர் முடி உலர்த்தும் கூண்டுக்கடியில் தலையைக் கொடுத்து உட்கார்ந்தார். நாலு சுவரிலும் கண்ணாடி. திரையில் ஓடப்போகிற இரண்டு கார்கள் அறை முழுக்க இருபது கார்களாகத் தெரிந்தன.

பறக்கும் வாத்தியார் தன் மடிக்கணினியை மெத்தென்ற துண்டு அடுக்கின்மேல் வைத்து, ஆளுயரச் சிரிப்போடு பொத்தானை அழுத்தினார். படம் வந்தது. பச்சைப் புள்ளிகள் வந்தன. பிறகு திரை கருத்துப்போனது. மறுபடி அழுத்தினார், மறுபடி கருத்தது.

"என்ன சார் பண்ணீங்க?"

"நானும் காலையில ஓவர்கிளாக் பண்ணேன் மேடம். எல்லாத்தையும் கடைசிவரைக்கும் தள்ளிட்டேன்."

"ஆன் ஆனதுமே வேகம் தானா ஏறிக்கிற மாதிரி வேற வச்சிருப்பீங்களே?"

"பின்ன? தினமும் யாரு ஏத்திக்கிட்டு இருக்கறது?"

"ஜெயிச்சாச்சு!" என்று மெதுவக்காவின் மாணவர்கள் கூத்தாடினார்கள். நாத்தனார் ஸ்டிக்கரின் தாளைப் பாதி உரித்தேவிட்டார். மெதுவக்காவுக்கும் ஒரு கணம் ஆசைதான். ஆனால் கை ஸ்டியரிங்கில் இருந்தது, கால் பெடலில் இருந்தது, உள்ளே காற்றாடி தேனீயாக இரைந்துகொண்டிருந்தது. இவ்வளவு சீவிச் சிங்காரித்துவிட்டு ஓட்டாமல் போவதா?

எழுந்து எதிர்ப்பக்கம் போனார். முதல் காரியமாகத் துண்டு அடுக்கை உருவினார். "போர்வைக்குள்ள படுத்தா யாருக்குத்தான் மூச்சு வரும்?" அத்தியாவசியமானது மட்டும் ஓடும் முறையில் அவருடைய மடிக்கணினியை எழுப்பி, அவர் கடைசிவரை தள்ளியிருந்த எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். தானாக ஏறும் ஏற்பாட்டையும் எடுத்துவிட்டார். பிறகு ஒவ்வொரு படியாக ஏற்ற ஆரம்பித்தார். வாத்தியார் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். "போதும்க்கா, இது போதும், ஆரம்பிக்கலாம்க்கா!" மேடம் அக்காவானதை அவரே கவனிக்கவில்லை.

"மெதுவா" என்றார் மெதுவக்கா.

"மெதுவா..." என்று வாத்தியாரின் மாணவர்களே கோரஸ் பாடினார்கள். பார்லர் குலுங்கியது.

பிறகு ஓடியதைப் பந்தயம் என்று சொன்னால் போதாது. வாத்தியார் நிஜமாகவே புலிதான். முதல் சுற்றில் அவர், இரண்டாம் சுற்றில் இவர், மூன்றாம் சுற்றில் கண்ணாடிகளுக்குள் யார் யாரென்று தெரியாமல் மாணவர்கள் எதிராளிக்கே கைதட்டினார்கள். மழை பிடித்தது. "வழிய விட்றா தடியா!" என்று மெதுவக்கா அலற, நேற்றுவரை அவரிடம் "கிளட்ச்ச மெதுவா விடுங்க" மட்டும் கேட்டிருந்தவர்கள் நாற்காலியோடு சுழன்று திரும்பினார்கள். "விட முடியாதுக்கா!" என்று வாத்தியார் பதிலுக்கு அலறினார். இரண்டு மடிக்கணினியும் மிக்ஸியாகின. கடைசி வளைவு துண்டு துணுக்கில்லாமல் முழுசாக வந்தது. மெதுவக்காவின் கார் ஒரு மூக்கு நீளம் முன்னால் இருந்தது.

வாத்தியாரின் வண்டி இப்போது, 'ஏழே நாளில் பறக்கலாம்' என்பதற்குக் கீழே, 'மெதுவா வந்தாலும் முழுசா வருவோம்' என்று சொல்லிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறது. இரண்டும் சேர்ந்து நல்ல விளம்பரமாகிவிட்டது என்று அவரே மெச்சிக்கொள்கிறார். மறு ஆட்டத்துக்கு நாளும் கேட்டிருக்கிறார். ஆனால் நாத்தனார் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது ஸ்டிக்கரைப் பற்றியல்ல. கார் கோட்டைத் தாண்டிய அந்த நொடியைத்தான். அறை முழுக்கக் கூச்சல். யாரோ சீப்புகளை அள்ளி மேலே வீசுகிறார்கள். வாத்தியார் தலையில் கைவைத்துச் சிரிக்கிறார். மெதுவக்கா மட்டும் யாரையும் பார்க்கவில்லை. பெடலிலிருந்து காலைப் பதமாக எடுத்தார். இடது கையை இடுப்போரம் இறக்கி, அங்கே இல்லாத ஹேண்ட் பிரேக்கை நிதானமாக மேலே இழுத்தார்.