பாகல் பந்தலின் உயரம்

பாறசாலை தாண்டி நிற்கிறோம். திருவனந்தபுரம் போகும் எங்கள் பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிறார்கள். வெயில் தாங்காமல் சாலையோரப் பாகல் பந்தலுக்குள் நுழைகிறேன். கம்பி நெற்றியில் இடிக்கிறது. உள்ளே எழுபது வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும் நிமிர்ந்து நடந்தபடியே காய் பறிக்கிறார்கள்.

"குனிஞ்சு வாங்க சாரே. இது எங்களுக்க உயரத்துக்குப் போட்டதாக்கும்," என்கிறார் அந்த அம்மா.

"ஏம்மா இவ்வளவு தாழ்வா?"

"பறிக்க ஆள் கிட்டல்ல. எங்களுக்கும் கை மேல போவல்ல. எட்டாத காயெல்லாம் பழுத்து வெடிச்சுப் போச்சு. பந்தலை எறக்கின பொறவு ஒரு காய் வீணாப் போறதில்ல. முன்னைவிட இப்பம்தான் சந்தைக்குக் கூடுதல் போவுது."

தோட்டத்தை ஒட்டித் தரிசாகக் கிடந்த துண்டு நிலத்தில் புதிய கால்கள் நட்டிருக்கிறார்கள். அவை என் தலைக்கும் மேலே நிற்கின்றன.

"அது மட்டும் ஏன் அவ்வளவு உயரம்?"

அம்மா கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொள்கிறார்.

"அது மகன் நட்டது. அவனுக்குத் திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் வேலை. ஞாயித்துக்கிழமை எங்க கூடப் பறிக்க வருவான்; வந்தா நெத்தி வீங்கித்தான் திரும்பிப் போவான். இனி அவனுக்க உயரத்துல அவன் கிருஷி செய்யட்டும்."